பேரீச்சம்பழத்தில் இரும்பைத் தேடுகிறவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான்: பேரீச்சம்பழத்தில் உடலுக்கு நல்லது செய்யும் பொருட்கள் என்னென்ன, இரத்தசோகைக்கு உதவுமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா, நாளுக்கு எத்தனை?

இரும்புச்சத்தை நம்பிச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான். நார்ச்சத்து, பொட்டாசியம், பாலிஃபீனால்கள் (தாவரங்களில் இயற்கையாக இருக்கும் ஒருவகை வேதிப்பொருட்கள்) ஆகிய மூன்றுக்காகவும் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலான இனிப்பாகவும் எடுத்துக்கொண்டால் நல்ல பழம். எத்தனை என்ற கேள்வியை மட்டும் எடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டெக்லெட் நூர் வகையில் கொட்டை நீக்கிய ஒரு பழம் ஏறக்குறைய 7 கிராம், 20 கலோரி. மெட்ஜூல் வகையில் ஒன்று 24 கிராம், 66 கலோரி, அதில் 16 கிராம் சர்க்கரை. 'தினம் மூன்று பழம்' என்று ஒருவர் சொன்னால் அது 21 கிராமாகவும் இருக்கலாம், 72 கிராமாகவும் இருக்கலாம். இந்த மூன்று மடங்கு வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பல பேருக்குக் கணக்கு தப்பிப்போகிறது.

முதலில் இரும்பு. நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் இருப்பது சுமார் 1 மில்லிகிராம். டெக்லெட் நூரில் 1.02, மெட்ஜூலில் 0.90. அமெரிக்கப் பரிந்துரைப்படி 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 18 மில்லிகிராம் வேண்டும். பழத்தில் இருப்பதோ தாவர வகை இரும்பு. அதில் பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேர்ந்தாலே பெரிது. பழத்திலுள்ள டானின்களும், அதாவது துவர்ப்புப் பொருட்களும், இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் உள்ளவை. ஆக நூறு கிராம் சாப்பிட்டு 65 கிராம் சர்க்கரையை உள்ளே தள்ளினால் கையில் நிற்பது 0.1 மில்லிகிராம் அளவுக்குத்தான். பழத்தின் கறுப்பைப் பார்த்து 'இரும்பு நிறைந்தது' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நிறம் பழுக்கும்போது பாலிஃபீனால்கள் ஆக்சிஜனோடு வினைபுரிவதாலும், சர்க்கரையும் அமினோ அமிலமும் வெப்பத்தில் சேர்ந்து கருகுவதாலும் வருவது. ரொட்டி மேல்பக்கம் சிவப்பது போன்ற அதே வேதியியல். இரும்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் இரும்பு மாத்திரையை எடுப்பதுதான் வழி. பழத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொள்ளும்போது பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டால், இருக்கிற கொஞ்ச இரும்பையும் பாலின் கால்சியம் தடுக்கும். தேநீர், காபியோடு சேர்த்தாலும் அதே கதி. காய்ந்த பழத்தில் வைட்டமின் சி நூறு கிராமுக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. எனவே ஆரஞ்சு, கொய்யா, எலுமிச்சை என ஏதாவது ஒன்று கூட வர வேண்டும். பேரீச்சை சிரப் புட்டிகளில் கணிசமான இரும்பு அளவு அச்சிடப்பட்டிருந்தால், உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். இரும்பு உப்பு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அப்போது வேலை செய்வது அந்த உப்புதான்.

இனி பழத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. அதைப் புரிந்துகொள்ளப் பழம் எப்படிப் பழுக்கிறது என்று தெரிய வேண்டும். பேரீச்சை விளையும் நாடுகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் உண்டு. பச்சையாக, கெட்டியாக இருப்பது கிம்ரி. முழு அளவுக்கு வளர்ந்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் மாறி, கடித்தால் மொறுமொறுவென்று இருப்பது கலால். நுனியிலிருந்து பழுப்பேறி மெத்தென்று ஆவது ருதப். தண்ணீர் வற்றிச் சுருங்கி நாம் பொதுவாக வாங்கும் நிலைக்கு வருவது தமர்.

பாதி கலாலாகவும் பாதி ருதபாகவும் இருக்கும் ஒரு பழம் கிடைத்தால் குறுக்கே வெட்டாமல் காம்புப் பக்கத்திலிருந்து கடித்துப் பாருங்கள். மஞ்சள் பாதியில் நாக்கு இழுத்துக்கொள்ளும், பல்லில் மாவு ஒட்டியது போல இருக்கும். பழுப்புப் பாதிக்கு வந்ததும் அந்தத் துவர்ப்பு காணாமல் போய்விடும். இடையில் நடந்தது இது: கலாலில் டானின்கள் கரையும் நிலையில் இருக்கின்றன. எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டுகின்றன. பழுக்கும்போது அவை ஒன்றோடொன்று பின்னிக் கரையாத பொருளாகிவிடுகின்றன. அழிந்துபோவதில்லை, நாக்குக்குத் தெரியாமல் போகின்றன. பர்ஹி வகையில் மட்டும் மஞ்சள் நிலையிலேயே துவர்ப்பு குறைவு. அதனால்தான் அதை அந்த நிலையிலேயே கொத்தோடு விற்கிறார்கள்.

அதே நேரத்தில் இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸை உடைத்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிக்கிறது. மெட்ஜூலில் இந்த வேலை முழுமையாக முடிந்துவிடும். நூறு கிராமில் சுக்ரோஸ் அரை கிராம்தான் மிஞ்சும், குளுக்கோஸ் சுமார் 34, ஃபிரக்டோஸ் சுமார் 32 கிராம். டெக்லெட் நூரில் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. சுக்ரோஸ் 24 கிராம் வரை தங்கிவிடும். அது கொஞ்சம் உலர்ந்து விறைப்பாக இருக்க, மெட்ஜூல் அல்வா போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலிஃபீனால் விஷயத்துக்கு வந்தால், ஃபெருலிக், காஃபீயிக், காலிக், புரோட்டோகேட்டிகூயிக், சிரிஞ்சிக், வானிலிக், பாரா-கூமாரிக் என்று ஃபீனாலிக் அமிலங்கள் ஒரு வரிசை. காஃபியோயில்ஷிகிமிக் அமிலம் என்ற ஒன்றும் உண்டு. அதன் பழைய பெயரான டாக்டிலிஃப்ரிக் அமிலம் பேரீச்சையின் தாவரப் பெயரான ஃபீனிக்ஸ் டாக்டிலிஃபெராவிலிருந்தே வந்தது. ஃபிளேவனாய்டுகளில் குவெர்சிடின், லூட்டியோலின், அபிஜெனின் ஆகியவை பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்த வடிவில் இருக்கின்றன. அளவில் எல்லாவற்றையும் மிஞ்சுவது புரோஆந்தோசயனிடின்கள், அதாவது மேலே சொன்ன டானின்கள். கரோட்டினாய்டுகளில் லூட்டினும் பீட்டா-கரோட்டினும் உண்டு. மஞ்சள் கலாலில் அவை அதிகம், காயும்போது குறையும். சிவப்புப் பழங்களின் ஆந்தோசயனின் வெயிலில் காய்ந்ததும் ஏறக்குறைய போய்விடுகிறது. தோலில் நாரும் ஃபீனால்களும் சதையைவிடச் செறிவாக இருப்பதால், மெட்ஜூலில் பிரிந்து நிற்கும் காகிதம் போன்ற தோலை உரித்து எறிய வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலைக் காட்டி 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது, புற்றுநோயைத் தடுக்கும்' என்று முடிப்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. சோதனைக் குழாயில் பழச்சாறு எவ்வளவு வலுவாக வேலை செய்தாலும், வயிற்றுக்குள் போன டானின் அப்படியே இரத்தத்துக்கு வருவதில்லை. மூலக்கூறு பெரிது. பெரும்பகுதி பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைத்த பிறகே கொஞ்சம் உள்ளே சேர்கிறது. புற்றுநோய், கல்லீரல், இதயத் தசை பற்றிய பேச்சுகளில் அதிகம் எலி, செல் ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவற்றில் பயன்படுத்துவது செறிவூட்டிய சாறு. ஒரு மனிதன் தட்டில் வைத்துச் சாப்பிடும் அளவோடு அதை ஒப்பிட முடியாது.

மனிதர்களிடம் செய்து பார்த்தவை எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. ஆனாலும் சில உருப்படியானவை. இங்கிலாந்தில் ஆரோக்கியமான 22 பேருக்கு 21 நாள், நாளுக்கு 7 பழம், அதாவது 50 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. மலம் கழிக்கும் தடவை சீரானது, மலத்தில் அம்மோனியா குறைந்தது. குடல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. 2009-இல் வந்த இன்னொன்றில் 10 பேர் நான்கு வாரம் தினம் 100 கிராம் சாப்பிட்டார்கள். இரத்தத்திலுள்ள கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு மெட்ஜூலில் 8 சதவீதமும் ஹல்லாவி வகையில் 15 சதவீதமும் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறவில்லை. பத்துப் பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், 'இவ்வளவு இனிப்பு ட்ரைகிளிசரைடை ஏற்றிவிடும்' என்ற பயம் அங்கே உண்மையாகவில்லை.

குடலுக்கு வேலை செய்வது நார்தான். நூறு கிராமில் 7 முதல் 8 கிராம். பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று கரையாத வகை, மீதி பெக்டின் போன்ற கரையும் வகை. மலச்சிக்கலுக்கு எடுத்தால் தண்ணீர் கூட வேண்டும். 40 முதல் 50 கிராம் பழத்தைக் கழுவி, கொட்டை எடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் நான்கு மணி நேரமாவது ஊறவைத்து, பழத்தையும் நீரையும் சேர்த்தே உட்கொள்ளுங்கள். ஊறிய நீரை ஊற்றிவிட்டால் கரைந்த சர்க்கரையோடு பொட்டாசியமும் போகும். வெறும் நாரை மட்டும் ஏற்றித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலம் இன்னும் கெட்டியாகும். பலன் இல்லை என்று சொல்பவர்கள் இந்தப் பிழையைச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் நூறு கிராமுக்கு 650 முதல் 700 மில்லிகிராம், சோடியம் 1 அல்லது 2 மில்லிகிராம்தான். இரத்த அழுத்தத்துக்கு ஏற்ற விகிதம். 'வாழைப்பழத்தைவிட இரு மடங்கு பொட்டாசியம்' என்று எழுதுகிறார்களே, அது எடைக் கணக்கில் சரி, தட்டுக் கணக்கில் தப்பு. பேரீச்சையில் தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவே. கலோரிக்குக் கலோரி பார்த்தால் வாழைப்பழமே முன்னால் நிற்கிறது.

சர்க்கரை நோய். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐந்து வகைகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்டதில் கிளைசெமிக் குறியீடு ஆரோக்கியமானவர்களுக்கு 46 முதல் 55 வரையும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு 44 முதல் 53 வரையும் வந்தது. 55-க்குள் இருந்தால் 'குறைவு' என்பதே வழக்கம். பஹ்ரைனில் 16 வாரம் தினம் 3 பழம் கொடுத்த ஆய்வில், 2020-இல் வந்தது, மூன்று மாத சராசரியான எச்.பி.ஏ.1.சி மாறவில்லை. மொத்தக் கொழுப்பு சற்றுக் குறைந்தது. இவற்றை வைத்து 'சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று சொல்வது ஆபத்தான தாவல். குறியீடு என்பது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் காட்டும், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதைக் காட்டாது. இரண்டு மெட்ஜூலில் செரிமானமாகும் மாவுச்சத்து 33 கிராம். குறியீடு 50 என்று வைத்தால் கிளைசெமிக் சுமை, அதாவது குறியீட்டை மாவுச்சத்தால் பெருக்கி நூறால் வகுத்தது, 16. பத்துக்கு உட்பட்டதுதான் குறைவு. ஒரு மெட்ஜூல் என்றால் 8, சமாளிக்கலாம்.

சர்க்கரை கட்டுக்குள் உள்ளவர் 20 முதல் 25 கிராம் எடுக்கலாம். ஒரு மெட்ஜூல் அல்லது மூன்று டெக்லெட் நூர். அதைக் கூடுதலாகச் சேர்க்காமல், அதே வேளையில் 15 கிராம் மாவுச்சத்துள்ள வேறொன்றைக் குறைத்துவிட்டு எடுக்க வேண்டும். நாலைந்து பாதாமோடு சேர்த்தால் ஏற்றம் இன்னும் மெதுவாகும். சந்தேகம் இருந்தால் குளுக்கோமீட்டரே சொல்லிவிடும். சாப்பிடும் முன் ஒரு அளவு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. கூடவே வேறு எதையும் சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் பாருங்கள். இதற்கு நேர் எதிரான நிலையையும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுங்கும்போது பேரீச்சம்பழம் முதல் தேர்வு அல்ல. மென்று விழுங்க வேண்டும், நார் வேறு வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்துக்கு 15 கிராம் குளுக்கோஸ் தூளோ பழச்சாறோதான் சரி.

பிரசவத்துக்கு முன் சாப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஜோர்டானில் 2011-இல் வெளியான ஆய்வில், நாள் குறித்ததற்கு முந்தைய நான்கு வாரம் தினம் 6 பழம் சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனைக்கு வரும்போது கருப்பைவாய் சராசரியாக 3.52 சென்டிமீட்டர் விரிந்திருந்தது, மற்றவர்களுக்கு 2.02. ஆனால் யார் சாப்பிடுவது என்பதைக் குலுக்கிப் பிரிக்கவில்லை. மலேசியாவில் 2017-இல் குலுக்கிப் பிரித்து, தினம் 7 பழம் கொடுத்துச் செய்ததில், தொடங்கிய வலியைத் தீவிரப்படுத்த மருந்து தேவைப்பட்டவர்கள் 37 சதவீதமாக இருந்தார்கள், மற்ற குழுவில் 50. வலி தானாகத் தொடங்குவதில் வித்தியாசம் இல்லை. எனவே கடைசி நான்கு வாரத்தில் எடுப்பதில் தவறில்லை, ஓரளவு பலனும் இருக்கலாம். கர்ப்பகால நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஏழு மெட்ஜூல் என்றால் 110 கிராம் சர்க்கரைக்கு மேல்.

தவிர்க்க வேண்டியவர்களில் முதலில் வருபவர்கள் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள். அங்கே மேலே புகழ்ந்த பொட்டாசியமே வில்லன். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்று பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இரத்தப் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே அளவை முடிவு செய்ய வேண்டும். எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்) உள்ளவர்களுக்கு இரண்டு பழத்திலேயே வயிறு உப்பும். பழத்திலுள்ள ஃபிரக்டான்கள் என்ற ஃபிரக்டோஸ் சங்கிலிகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் நொதிப்பதுதான் காரணம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுப் பழம் தராதீர்கள். ஒட்டும் சதை தொண்டையில் நிற்கும். கொட்டை நீக்கி, பொடியாக நறுக்கி அல்லது மசித்துத் தாருங்கள். பல்லிடுக்கில் ஒட்டும் இனிப்பு எல்லாருக்கும் பிரச்சினை. உணவோடு சாப்பிட்டு வாய் கொப்பளித்தால் போதும், இரவு பல் துலக்கிய பிறகு மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: மேலே பளபளப்பு இருந்து உட்பொருள் பட்டியலில் குளுக்கோஸ் சிரப் இருந்தால், இனிப்புக்கு மேல் இனிப்புக்குக் காசு கொடுக்கிறீர்கள். தோலுக்கடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை என்று பயந்து எறிய வேண்டாம். ஒரு பழத்தை ஆவியில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். குளுக்கோஸ் படிகமாக இருந்தால் கரைந்துவிடும். பஞ்சு போல் படர்ந்து முடை நாற்றம் அடித்தால் அது பூஞ்சை. புளித்த கள் வாடை வந்தால் ஈஸ்ட் நொதித்திருக்கிறது. ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்த்தே சாப்பிடுங்கள். வெளியே மாசுமருவில்லாத பழத்துக்குள் கொட்டையைச் சுற்றிக் கரித்தூள் போன்ற கறுப்புப் பொடியோ, புழுவின் எச்சமோ, நூலாம்படையோ இருக்கலாம். கொண்டுவந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் உறைநிலையில், மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் படிந்து பூஞ்சைக்கு வழிவிடும். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் ஆறு மாதம் தாராளமாக நிற்கும்.

சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படுத்த விழுது செய்வது நல்லது. கொட்டை நீக்கிய 200 கிராமுக்கு 100 மில்லி வெந்நீர், அரை மணி ஊறல், பிறகு அரைத்தல். கேக்கில் 100 கிராம் சர்க்கரைக்கு 140 கிராம் விழுது போட்டு, மற்ற நீர்ப்பொருளை 40 மில்லி குறையுங்கள். ஓவனை 10 முதல் 15 டிகிரி தாழ்த்தி வையுங்கள், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சீக்கிரம் கருகும்.

சிரப் வேறு கதை. ஒரு கிலோ பழத்தை இரண்டரை லிட்டர் தண்ணீரில் 60 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டி, மெல்லிய தீயில் வற்றவைப்பார்கள். 700 கிராம் அளவுக்குச் சுண்டினால் பதம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓரத்தில் நீர் வளையம் பிரியக் கூடாது. பிரிந்தால் சில நாளில் புளிக்கும். துணியில் தங்கிய சக்கையைப் பாருங்கள்: நாரில் பெரும்பகுதி அதில் இருக்கிறது, அதோடு பிணைந்த டானின்களும் அங்கேதான். புட்டியில் போனது சர்க்கரைப் பாகும் கொஞ்சம் பொட்டாசியமும். அந்தச் சக்கையை எறியாமல் ரொட்டி மாவிலோ கஞ்சியிலோ கலந்துவிடுங்கள்.